ஓப்ராத் தராத ஒரு நிமிடம்

பன்னிரண்டு வருடம் நான் ஓப்ராத் தெஷிச்சின் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் நியாயம் என் பக்கம்தான் என்று சாச்சாக் ஊரில் கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன். என் கடைக்கு டயர் பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள், பாவம், நான் நட்டைக் கழற்றுவதற்குள் அந்தக் கதையை முழுசாகக் கேட்டாக வேண்டும். அதனாலேயே சிலர் மொராவா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று என் மனைவி ஸ்மில்யா சொல்வாள். போகட்டுமே, எனக்கென்ன.

எனக்கு அவனிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். "தப்புப் பண்ணிட்டேன், கூமே." இதை அவன் வாயால் சொல்லி என் காதால் கேட்க வேண்டும். கோப்பை வேண்டாம், மாலை வேண்டாம், ஊர் கூடி மன்னிப்புக் கேட்க வேண்டாம். மூன்றே வார்த்தை.

அவன் கல்யாணத்தில் பலிபீடத்துக்கு முன்னால் அவன் பக்கத்தில் நின்றவன் நான். அவன் மகளை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்திப் பெயர் வைத்தவனும் நான். பெற்றவர்களுக்கே அது என்ன பெயர் என்று பாதிரியார் கேட்டு நான் வாயைத் திறக்கும்வரை தெரியாது. அப்படிப்பட்டவனுக்கு எங்களிடம் கூம் என்று பெயர். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூமோடு முறைத்துக்கொண்டால் ஊரே தலையில் அடித்துக்கொள்ளும்.

ஓப்ராத் மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் எங்கள் கூடைப்பந்து கிளப்புக்கு வந்தான். இரண்டு மீட்டரும் ஆறு சென்டிமீட்டரும் உயரம். அவன் காலுக்கு ஏற்ற ஷூ எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை என்று முதல் மாதம் முழுக்க முன்பக்கம் வெட்டிய பழைய ஷூவில் விரல் வெளியே தெரிய ஓடினான். பந்து கையில் நிற்காது. கூடைக்கு அடியில் நின்று போட்டாலும் பாதி வெளியே விழும். நாட்டின் இளைஞர் அணி முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். நாலாம் நாளே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நிற்கத் தெரியும் அவனுக்கு. அதைத்தான் பதினைந்து வருடம் செய்தான். பந்தோடு நான் ஓடிவருவேன். என்னைத் துரத்திக்கொண்டு ஒருத்தன் வருவான். வழியில் ஓப்ராத் குத்துக்கல் மாதிரி நிற்பான். நான் அவன் தோளை உரசிக்கொண்டு திரும்புவேன், துரத்தி வந்தவன் அவன் மார்பில் போய் மோதுவான். எனக்கு வழி திறந்துவிடும். நான் போடுவேன், பந்து விழும், ஜனங்கள் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். மறுநாள் பேப்பரில் 'விதான் இருபத்திரண்டு புள்ளிகள்' என்று வரும். ஓப்ராத்தின் விலாவில் நீலம் நீலமாக ரத்தம் கட்டியிருக்கும். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை. நானும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் ஏப்ரல் தொடங்கும்போது நாங்கள் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றிருந்தோம். கிளப் தலைவர் ஒரு பல் டாக்டர். பயிற்சியாளரைத் திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்பினார். இன்னும் நாலு ஆட்டம்தான் பாக்கி. மூழ்குகிற படகில் வெளியாள் எவன் வந்து ஏறுவான்? அணியில் வயது மூத்தவனைக் கூப்பிட்டு, விசிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓப்ராத்துக்கு அப்போது முப்பத்திமூன்று. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து காலில் பட்டி கட்டிக்கொண்டிருந்தவன், செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு நடுவில் நின்றான். அதற்கப்புறம் அவன் பனியன் போட்டு ஆடவே இல்லை.

எங்களை வரிசையில் நிற்கவைத்தான்.

"இந்தக் கதவுக்கு உள்ள எனக்குக் கூமும் கிடையாது, சிநேகிதனும் கிடையாது. வெளியில போனதும் எல்லாருக்கும் காபி வாங்கித் தர்றேன். உள்ள ஓடணும்."

நான் சிரித்துவிட்டேன். "உத்தரவு, மகாராஜா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "விதான், பத்துச் சுற்று," என்றான். அந்தக் குரலை முதல்முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன். பதினைந்து வருடம் அவ்வளவாகப் பேசாமல் இருந்தவன் அதையெல்லாம் எங்கே சேர்த்து வைத்திருந்தானோ தெரியவில்லை. தொண்டையைத் திறந்தால் கூரைத் தகரம் அதிரும். நான் பத்துச் சுற்று ஓடினேன், ஆறாவது சுற்றில் முழங்கால் எரிந்தது.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம். கடைசி ஆட்டம் மே ஐந்தாம் தேதி, ஷாபாத்ஸ் ஊர்க்காரர்களோடு. தோற்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். அதுதான் என் கடைசி ஆட்டம் என்று நான் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஸ்மில்யா அவளுடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் பனியன் நம்பரான ஏழு போட்ட ஒரு கேக் பேக்கரியிலிருந்து வந்திருந்தது. அரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் எனக்காகத்தான் வந்திருந்தார்கள். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அவன் என்னை இறக்கவில்லை. முதல் பாதியில் இல்லை, சரி. மூன்றாவது கால் பகுதியில் இல்லை, சரி. என் இடத்தில் இருபத்தோரு வயது பொகிச் ஆடிக்கொண்டிருந்தான். பந்தை இரண்டு தடவை காலில் தட்டிவிட்டான் அந்த மடையன். இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஜனங்கள் "விதான்! விதான்!" என்று ஆரம்பித்தார்கள். தரை அதிர்ந்தது. நான் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, எழுந்து அவன் பின்னால் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை.

"ஓப்ராத்," என்றேன். "கூமாக் கேட்கிறேன். ஒரு நிமிஷம் போதும்."

கூமாகக் கேட்கிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் எங்களிடம் மறுப்பு கிடையாது. அந்த வார்த்தையால் பழிக்குப் பழி வாங்க வந்தவன்கூட கத்தியைக் கீழே போட்டிருக்கிறான். வாழ்நாளில் ஒருமுறை, இரண்டுமுறை சொல்கிற வார்த்தை அது. அதைக் கொண்டுபோய்ப் பந்தாட்டத்துக்கு நடுவில், பெஞ்சுக்கு முன்னால் நீட்டியவன் இந்த நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவன் அப்போதும் திரும்பவில்லை. கண் பந்தின் மேலேயே இருந்தது.

"உட்காரு, விதான்," என்றான்.

கூமே என்றுகூடச் சொல்லவில்லை. விதான். மற்ற பதினொரு பேரைக் கூப்பிடுகிற மாதிரி.

இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கேக்கை அரங்கத்தைப் பெருக்குகிற அம்மா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நன்றாக இருந்தது என்று மறுவாரம் என்னிடமே சொன்னாள்.

மறுநாள் மே ஆறு, ஜார்ஜியார் திருநாள். அது ஓப்ராத் குடும்பத்து ஸ்லாவா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு நாள். அன்றைக்கு வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி அப்பம் உடைப்பார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. வருகிறவன் வருவான். ஒரு வருடம் வந்தவன் எல்லா வருடமும் வருவான். அழைத்தால்தான் அவமானம். கூம் மேசையின் தலைமாட்டில் உட்கார வேண்டும், வீட்டுக்காரனோடு சேர்ந்து அப்பத்தை உடைக்க வேண்டும்.

நான் போகவில்லை. காலையிலிருந்து டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கூப்பிடமாட்டான், கூப்பிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். ஸ்மில்யா அக்ரூட் கேக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். திரும்பி வரும்போது ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? நாய்க்கு வச்சிருக்கேன்."

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. அவள் குளிக்கப் போனபோது நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டேன். பன்னிரண்டு வருடமும் இப்படித்தான் நடந்தது. அவள் கேக்கோடு போவாள், கறியோடு வருவாள். அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். வீம்பு பிடித்த மனிதனுக்குப் பெண்டாட்டியாக இருப்பது என்ன பாடு என்று இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

அவன் உயர்ந்துகொண்டே போனான். இரண்டே வருடத்தில் எங்கள் கிளப்பை முதல் பிரிவுக்குக் கொண்டுபோனான். பிறகு ஹங்கேரியில் மூன்று வருடம், போலந்தில் நாலு. அங்கே ஒரு கோப்பையும் வாங்கினான். நடுவில் லெபனானில் ஒரு வருடம். கையெழுத்துப் போட்ட எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருந்ததாம்: மே ஆறாம் தேதி நான் வீட்டில் இருப்பேன், ஆட்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. போலந்து ஆட்டங்களை டிவியில் பார்ப்பேன். சத்தத்தை முழுக்க வைத்துப் பார்ப்பேன். அந்த ஊர் மொழியில் அவன் கத்துவான். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது, ஆனால் இடதுபக்கம் போகச் சொல்கிறான் என்று தெரிந்துவிடும்.

"இடதுபக்கமாம்! இவனுக்கு என்ன தெரியும்?" என்று டிவியைப் பார்த்துச் சொல்வேன்.

"அந்தப் பெட்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று சமையலறையிலிருந்து ஸ்மில்யா கேட்பாள்.

போன வருடம் அவன் ஊருக்குத் திரும்பி எங்கள் பழைய கிளப்பையே ஏற்றுக்கொண்டான். ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் நான் மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுவேன். ஸ்மில்யா வேலை பார்க்கிற கடைதான். "இன்னிக்கும் தலைவலியா?" என்பாள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஓப்ராத்துக்குத் தொண்டையில கட்டி. வர்ற திங்கட்கிழமை பெல்கிரேடுல ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடறாங்களாம்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா என்ன? அப்புறம் குரல் வராது. உயிர் இருந்தா போதும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அப்போது என் வாயிலிருந்து முதலில் வந்ததை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"அப்படின்னா அவன் எப்போ அதைச் சொல்லுவான்?"

ஸ்மில்யா என்னைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீ மனுஷனா?" என்றாள். பிறகு எழுந்து, "வெள்ளிக்கிழமை ஸ்லாவா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு வாய் வலிக்குது," என்று சொல்லிவிட்டுக் கோட்டோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கவில்லை. சட்டையை மூன்றுமுறை மாற்றினேன். அனுதாபப்பட்டுப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். குரல் இருக்கும்போதே அந்த வார்த்தையை வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்தாலும் கிடைக்காது என்றுதான் போனேன். ஸ்மில்யா கேக்கைத் தூக்கிக்கொண்டு எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குப் பயம், ஆனால் திரும்பிப் பார்க்க அவளுக்கும் வீம்பு.

ஓப்ராத் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. சட்டைக் காலருக்குள் கழுத்து ஒரு விரல் மாதிரி நின்றது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தான். வழக்கமான வாழ்த்தைத்தான் சொன்னேன்.

"திருநாள் வாழ்த்து, வீட்டுக்காரரே."

"லேட்டா வர்றியே, கூமே," என்றான். குரல் காய்ந்த இலையை மிதிக்கிற மாதிரி வந்தது. "அப்பத்தை உடைச்சாச்சு."

பன்னிரண்டு வருடத்தைப் பத்து நிமிடத் தாமதம் மாதிரிப் பேசிவிட்டான். கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தான். தாடை எலும்பு குத்தியது.

உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில், என் இடத்தில், அவன் மனைவி நெவென்காவின் மாமா மிலிசாவ் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு கிலோ இருப்பார். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்தார்.

"வா, வா. பன்னெண்டு வருஷமா உன் சீட்டைச் சூடு பண்ணி வச்சிருக்கேன். என் முதுகு போச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததில் கோபமும் வந்தது.

உட்கார்ந்தேன். நான் பெயர் வைத்த பெண், தூன்யா, சூப் கொண்டுவந்து வைத்தாள். இருபத்திரண்டு வயது. நான் கடைசியாகப் பார்த்தபோது பத்து. குனிந்து என் காதில் சொன்னாள்:

"கூமே, அப்பாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க. காலையில ஆறு மணியிலிருந்து நிக்கிறாரு. நேத்துக்கூட மயங்கி விழுந்தாரு. அம்மா அழுது பார்த்தாச்சு, ஃபாதர்கூடச் சொல்லிட்டுப் போனாரு. கேட்கமாட்டேங்கிறாரு."

கேட்கமாட்டான்தான். ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி போகும்வரை நின்றபடி பரிமாற வேண்டும், ஊற்ற வேண்டும். அவன் ஒயின் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். மற்றொரு கையால் ஒவ்வொரு நாற்காலி முதுகாகப் பிடித்துப் பிடித்து வந்தான்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

ஜாடி காலியானதும் அவன் பின்கட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். ஒயின் பீப்பாயும், முட்டைக்கோஸ் ஊறுகாய் மரத்தொட்டியும் இருக்கிற சின்ன அறை. கதவைச் சாத்தினேன்.

"அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினே?"

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டு ஜாடியைப் பிடித்தான்.

"நீ மெதுவா ஆயிட்டே," என்றான்.

"என்னது?"

"மெதுவா ஆயிட்டே. உன் முழங்கால் போயிடுச்சு. அவங்க பத்தாம் நம்பர் உன்னைத் தாண்டிப் போயிட்டே இருந்திருப்பான். அதுக்கு முன்னாடி அவங்களோட ஆடின ஆட்டத்துல மூணு தடவை போனான். ரெண்டு பாயிண்ட்ல ஜெயிச்சோம். உன்னை இறக்கியிருந்தா தோத்திருப்போம்."

"ஒரு நிமிஷம்கூடவா?"

"ஒரு நிமிஷம்கூடத்தான்."

"கூமாக் கேட்டேன்டா!"

"அங்கே அதைக் கேட்டிருக்கக் கூடாது நீ." இருமினான். சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். "முந்தின நாளே நெவென்காகிட்டச் சொன்னேன். நாளைக்கு ஆட்டம் கையில நிக்கும், ஆனா கூம் கையை விட்டுப் போயிடுவான்னு."

"தெரிஞ்சேவா பண்ணினே?"

"தெரிஞ்சேதான்."

"சரி, ஒரு பொய்யாவது சொல்லேன். தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு பொய். திங்கட்கிழமைக்கு அப்புறம் உன்னால பொய்கூடச் சொல்ல முடியாது, தெரியுமில்ல?"

இப்படி ஒரு வார்த்தையைச் சாகக் கிடக்கிறவனிடம் சொன்னவன் நான். அவன் சிரித்தான். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"சொல்லமாட்டேன், கூமே," என்றான். "மறுபடியும் அந்த ஆட்டம் வந்தாலும் உட்காருன்னுதான் சொல்லுவேன்."

"பன்னெண்டு வருஷத்துல ஒரு போன் பண்ண உனக்குக் கை இல்லையா?"

"பண்ணியிருந்தா எடுத்திருப்பியா?"

எடுத்திருக்கமாட்டேன். அது அவனுக்கும் தெரியும். ஜாடி வழிந்து அவன் கையெல்லாம் ஒயின். குழாயை மூடிவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனான்.

நான் அந்த ஊறுகாய் வாசனையில் தனியாக நின்றேன். கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். பின்பக்கக் கதவு அங்கேதான் இருந்தது, கையை நீட்டினால் திறந்துவிடும். ஆனால் கால் நகரவில்லை. அந்தப் பத்தாம் நம்பர் என் கண் முன்னால் வந்துவிட்டான். ஒல்லியான பயல். அந்த முந்தைய ஆட்டத்தில் என்னைத் தாண்டிப் போனான், ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. மூன்றாவது முறை அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னேன். தெரியும் எனக்கு. அவனுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டு வருடம் ஊரைக் கூட்டி அவனைத் திட்டினேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. தூன்யா பள்ளி முடித்ததற்கு நான் இல்லை. அவன் அப்பா செத்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க நான் இல்லை. ஒரு நிமிடத்துக்காக, அதுவும் நான் ஆட லாயக்கில்லாத ஒரு நிமிடத்துக்காக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவன் மேசைக்கு நடுவில் நின்று கோப்பையை உயர்த்தியிருந்தான். வீட்டுக்காரன் வாழ்த்துச் சொல்கிற நேரம். முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். அது அவன் குரலில் கடைசி வாழ்த்து என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. "இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்தான். குரல் அங்கேயே நின்றுவிட்டது. உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றான். நெவென்கா ஏப்ரன் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். போலந்து அரங்கத்தை ஒரு அதட்டலில் அடக்கியவன், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றான். முழங்கால் மடங்குவது எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருடம் அந்த உடம்பை உரசிக்கொண்டு ஓடியவன் நான், அது எப்போது சாயும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரே எட்டில் போய் அவன் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்தேன். கனமே இல்லை. தலைமாட்டு நாற்காலியைக் காலால் இழுத்தேன்.

"உட்காரு," என்றேன்.

தலையை ஆட்டினான். "வீட்டுக்காரன்... உட்காரக் கூடாது."

"ஓப்ராத், கூமாக் கேட்கிறேன்."

மேசையில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். மிலிசாவ் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் ஸ்லாவா அன்றைக்கு எந்த ஆணும் உட்கார்ந்ததில்லை. சண்டைக் காலத்தில், ஜெர்மன்காரன் தெருவில் இருக்கும்போதுகூட அவன் தாத்தா நின்றுதான் ஊற்றினாராம். ஓப்ராத் என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். மறுபடியும் மறுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். மறுத்திருந்தாலும் இந்த முறை நான் எங்கேயும் போயிருக்கமாட்டேன்.

அவன் உட்கார்ந்தான்.

முதலில் கையை ஊன்றி, பிறகு மெதுவாக, பிறகு ஒரேயடியாக. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. தூன்யா ஓடிவந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டாள்.

நான் அவன் கோப்பையை எடுத்தேன். எனக்கு வாழ்த்துச் சொல்லத் தெரியாது, நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லை, திட்டித்தான் பழக்கம். "இந்த வீட்டுக்கு வந்தவங்களும் நல்லா இருக்கட்டும், வராம இருந்த முட்டாளும் நல்லா இருக்கட்டும்," என்றேன். குடித்தார்கள். ஸ்மில்யா மேசையின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பதிலாக நான் சுற்ற ஆரம்பித்தேன். சூப் எடுத்தாகிவிட்டது, முட்டைக்கோஸில் சுற்றிய கறி வந்தது, ஆட்டுக்கறித் தட்டுகள் வந்தன. முப்பது பேர், நாலு மணி நேரம். என் முழங்கால் இரண்டும் நெருப்பாக எரிந்தன. நொண்டி நொண்டித்தான் நடந்தேன். கை நிறையத் தட்டோடு சமையலறை வாசலைத் தாண்டும்போது, பின்னால் நாற்காலியிலிருந்து அந்தக் காய்ந்த குரல் வந்தது. இருந்த கொஞ்ச மூச்சையும் கூட்டிச் சேர்த்துக் கத்தினான், ஆட்ட அரங்கத்தில் கத்துவது மாதிரியே.

"வேகமா, கூமே! வேகமா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சனிக்கிழமை அவனைப் பெல்கிரேடுக்குக் கூட்டிப்போனார்கள். நான்தான் காரை ஓட்டினேன், வழியெல்லாம் அவன் தூங்கிக்கொண்டே வந்தான். அவன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அந்த வார்த்தைதான்.